ஓட்டுக்குள் யார்? – உயிர்களைப் பார்த்துக் கட்டிய வீடுகள் குறித்து

மெக்சிகோ நகரத்தின் வடமேற்கு விளிம்பில் இருக்கும் நவுகால்பானில் 2006இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு வீடு, இன்று உலகெங்கும் கட்டடக்கலைப் படப்புத்தகங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. கட்டியவர் ஹாவியர் செனோசியாய்ன். 1948இல் பிறந்தவர், மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை கற்பித்தவர். வழக்கமான வீடுகளில் சலித்துப்போன, இரண்டு குழந்தைகள் உள்ள ஓர் இளம் தம்பதிக்காக அவர் கட்டிய அந்த வீட்டின் பெயர் 'நாட்டிலஸ்'. ஆழ்கடலில் வாழும் அந்தச் சுருள் ஓட்டு உயிரியின் வடிவத்தில்தான் வீடும் இருக்கிறது. முகப்பில் வண்ணக் கண்ணாடி வட்டங்கள் குமிழ்குமிழாகப் பதித்த சுவர். அதில் ஒரு துளைபோல வாசல். உள்ளே தரையெங்கும் செடிகொடி, நடுவே கற்பாதை, சுழன்று ஏறும் படிகள். சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மூலை என்று ஒன்று கிடையவே கிடையாது.

இந்த வீட்டின் படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஆகா, மனிதன் இயற்கைக்குத் திரும்பிவிட்டான் என்பது ஒன்று. பணக்காரன் வீட்டு விளையாட்டுச் சாமான், இதில் நமக்கென்ன வேலை என்பது மற்றொன்று. இரண்டுமே அவசரப் பேச்சு. முதலாவது, 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் விவாதத்தை முடித்துக்கொள்கிறது. இரண்டாவது, வீட்டின் வடிவம் பற்றிய கேள்வியை மேட்டுக்குடிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஏழைக்கு நாலு சுவரும் ஒரு கூரையும் போதும் என்ற அரசாங்கத்தின் குரலும் இதுவும் கடைசியில் ஒன்றாகிவிடுகின்றன. வேறு வழியில் யோசித்துப் பார்க்கலாம்.

உயிரினத்தைப் போல வீடு என்பது அடிப்படையில் ஓர் உவமை. 'போல' என்ற உருபு சிமெண்டில் நிற்கிறது, அவ்வளவுதான். உவமை எதன் அடிப்படையில் தோன்றும் என்ற கேள்விக்கு நம்மிடம் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் உவமவியல் நான்கு அடிப்படைகளைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்புமை, விளைவால் ஒப்புமை, வடிவால் ஒப்புமை, நிறத்தால் ஒப்புமை. தமிழ் படித்தவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற சூத்திரம் இது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் 'உயிர்வழிக் கட்டடக்கலை' எனப்படுவதைப் பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான கருவி எனக்குக் கிடைக்கவில்லை. புலி போலப் பாய்ந்தான் என்றால் அவனுக்கு வால் இருக்க வேண்டியதில்லை. வால் வைத்துக்கொண்டவனெல்லாம் பாய்வதும் இல்லை.

நாட்டிலஸ் என்ற உயிரியை எடுத்துக்கொள்வோம். கணவாய்க்குத் தூரத்து உறவு. ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புகள். வளர்ந்த உயிரியின் ஓட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கும். ஆனால் அது அந்த அறைகளில் குடியிருப்பதில்லை. கடைசியில் இருக்கும் பெரிய அறையில் மட்டும்தான் அதன் உடல் இருக்கிறது. உடல் வளர வளர முன்னே நகர்கிறது. பின்னால் ஒரு தடுப்பைக் கட்டிப் பழைய அறையை அடைத்துவிடுகிறது. எல்லா அறைகளையும் ஊடுருவிச் செல்லும் மெல்லிய குழாய் ஒன்று அடைத்த அறைகளில் இருக்கும் நீரை மெல்ல உறிஞ்சி எடுக்கிறது. இடத்தை வாயு நிரப்புகிறது. அதனால்தான் அந்தக் கனத்த ஓடு கடலில் மிதக்கிறது. ஆக, பழைய அறைகள் அதற்கு மிதவைகள். சுருளின் வடிவம் மாறாமலேயே அளவு மட்டும் பெரிதாகிக்கொண்டு போகிற அந்தக் கணக்கை டார்சி தாம்சன் 1917இல் வெளிவந்த 'வளர்ச்சியும் வடிவமும் குறித்து' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இப்போது வீட்டுக்கு வருவோம். நவுகால்பான் நாட்டிலஸில் எல்லா அறைகளிலும் மனிதர்கள் புழங்குகிறார்கள். வீடு வளர்வதில்லை. சுருளின் வாய் மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் பெரியவர்களாகி இன்னொரு அறை வேண்டுமென்றால் எந்தப் பக்கம் நீட்டுவது? இது மெய்யுவமம். வடிவத்தோடு நின்றுவிட்ட ஒப்புமை. அழகில்லை என்று சொல்லவில்லை. வினை இங்கே இல்லை என்கிறேன்.

பயன்? கொஞ்சம் உண்டு. கம்பியைக் கூடாக வளைத்து, அதன்மேல் கோழிவலையைப் பொதிந்து, ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் சிமெண்டுக் கலவையை அடிக்கும் முறை இது. ஃபெர்ரோசிமெண்ட் என்பார்கள். 1848இலேயே பிரான்சில் லாம்போ என்பவர் இந்த முறையில் படகு செய்தார். தட்டையாக இருந்தால் உடனே முறியக்கூடிய மெல்லிய தகடு, வளைந்துவிட்டால் பாரத்தைத் தன் உடல் முழுக்கப் பரப்பிக்கொள்கிறது. முட்டை ஓட்டின் சூட்சுமம் இதுதான். இங்கே வடிவம் அலங்காரம் அல்ல, வேலை செய்கிறது. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று: இந்த முறை பொருளை மிச்சப்படுத்துகிறது, உழைப்பை விழுங்குகிறது. ஒவ்வொரு வளைவையும் கையால் கட்ட வேண்டும், கையால் பூச வேண்டும். கொத்தனார் கூலி மலிவாக இருக்கிற நாட்டில்தான் இது கட்டுப்படியாகும். இயற்கையைப் போல வளைந்திருக்கும் சுவருக்குப் பின்னால் கூலியின் பொருளாதாரம் இருக்கிறது. படப்புத்தகங்கள் அதைப் படம்பிடிப்பதில்லை. கடையில் வாங்கிய பீரோ வட்டச் சுவரில் ஒட்டாது என்பதும், கட்டில் முதல் அலமாரி வரை எல்லாவற்றையும் வீட்டோடு சேர்த்தே வார்க்க வேண்டியிருக்கிறது என்பதும் சின்ன விஷயங்கள் அல்ல. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வந்தால் சுருளை எப்படி இரண்டாக்குவது என்று கேட்டால் கட்டடக்கலைஞர்கள் சிரிக்கக்கூடும். சொத்துள்ள குடும்பத்தில் பிறந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

செனோசியாய்னின் இன்னொரு வீடு இதைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். அதே நவுகால்பானில் 1984–85இல் தன் குடும்பத்துக்காகவே அவர் கட்டிய 'காசா ஓர்கானிகா'. அதன் மூலப்படிமம் நிலக்கடலை. இரண்டு அகன்ற அறைகள், நடுவே ஒடுங்கிய இடை. ஒரு பருப்பில் பகல் வாழ்க்கை: சமையல், சாப்பாடு, பேச்சு. இன்னொன்றில் இரவு: உறக்கம், குளியல், உடை. இரண்டையும் இணைக்கும் குறுகிய சுரங்கப் பாதை. மேலே மண்ணைப் போட்டுப் புல்லை வளர்த்துவிட்டார். தெருவிலிருந்து பார்த்தால் வீடே தெரியாது, மேடுதான் தெரியும். மண்ணும் புல்லும் வெயிலையும் குளிரையும் தாங்கிக்கொள்கின்றன. பிறகு குடும்பம் பெருகியது, இடம் போதவில்லை. மேட்டுக்கு மேலே ஓர் அறையை முளைக்கவிட்டார். அது சுறாவைப் போல வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. நிலக்கடலையிலிருந்து சுறா முளைப்பது உவமைக் குற்றம்தான், வகுப்பில் எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள். ஆனால் இங்கேதான் முதல்முறையாக வினை வருகிறது. வீடு வளர்ந்திருக்கிறது. வளர்ந்தபோது தன் சொந்த உவமையையே மீறியிருக்கிறது.

அந்த வீடு கட்டப்பட்ட அதே காலம், 1985 செப்டம்பர் 19. மெக்சிகோ நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது, ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். ட்லாடெலோல்கோ என்ற மாபெரும் அரசுக் குடியிருப்பில் நுவேவோ லியோன் என்ற கட்டடம் அப்படியே சரிந்தது. நேர்கோட்டு நவீனத்துவத்தின் காட்சிப்பொருளாக எழுப்பப்பட்ட குடியிருப்பு அது. நகர மையத்தில் பழைய வாடகைக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள் வீடிழந்தார்கள். நகரத்துக்கு வெளியே தூக்கிப் போடுவார்கள் என்ற பயம் எழுந்தது. மக்கள் நகர மாட்டோம் என்றார்கள். பாதிக்கப்பட்டோரின் ஒருங்கிணைப்பு அமைப்பு உருவானது, தெருவில் இறங்கினார்கள். அதே அக்டோபரில் அரசு ஆயிரக்கணக்கான மனைகளை உடைமையாளர்களிடமிருந்து கையகப்படுத்த வேண்டிவந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அவரவர் இருந்த இடத்திலேயே மீண்டும் கட்டப்பட்டன. அந்த வீடுகள் எதைப் போலவும் இல்லை. சதுரமானவை, சிறியவை, சாதாரணமானவை. ஆனால் ஓர் உயிர் தன் இடத்தை விடாமல் பற்றிக்கொள்வது என்ற வினையை எந்தச் சிப்பி வீடும் இதுபோல் செய்து காட்டியதில்லை.

நவுகால்பானிலேயே கூட, செனோசியாய்னின் ஓடுகளுக்குப் பக்கத்தில் அல்ல, அதே நகராட்சியின் மலைச்சரிவுகளில், மக்கள் தாங்களாகவே கட்டிக்கொண்ட சாம்பல்நிறக் கல் வீடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு வருஷம் ஓர் அறை. பிறகு குளியலறை. மகனுக்குக் கல்யாணம் என்றால் மேல்மாடி. மொட்டை மாடியின் தூண்களில் கம்பிகள் நீட்டிக்கொண்டே நிற்கும். 'நம்பிக்கைக் கம்பிகள்' என்று அங்கே அவற்றுக்குப் பெயர். (நம் ஊர் மாடிகளிலும் அதே கம்பிகள் நிற்கின்றன, நாம் இன்னும் பெயர் வைக்கவில்லை.) நாட்டிலஸ் ஓட்டின் வளர்முனையை இந்தக் கம்பிகளில்தான் நான் பார்க்கிறேன். 1957 முதல் 1965 வரை பெருவின் குடிசைப் புறநகர்களில் வேலை செய்த ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஜான் டர்னர் இதைக் கண்டுகொண்டார். வீடு என்பதைப் பெயர்ச்சொல்லாக அல்ல, வினைச்சொல்லாகப் பார்க்க வேண்டும் என்று 1972இல் எழுதினார். தொல்காப்பியர் வினையை முதலில் வைத்ததும் இவர் சொல்வதும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் காதில் ஒன்றாகத்தான் விழுகின்றன.

டர்னரை அப்படியே தோளில் தூக்கிக்கொள்ளவும் முடியாது. தாங்களாகக் கட்டிக்கொள்கிறார்கள், கட்டிக்கொள்ளட்டும் என்ற வாதம் உலக வங்கிக்கு மிகவும் பிடித்துப்போனது. மனையும் குழாயும் தருகிறோம், மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்ற திட்டங்கள் எழுபதுகளில் நாடு நாடாகப் பரவின. சென்னையில் 1977இல் தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கத்திலும் வில்லிவாக்கத்திலும் கொடுங்கையூரிலும் மனைகள் பிரிக்கப்பட்டது இந்த வழியில்தான். உயிர்போல் வளரட்டும் என்ற உவமைக்கு இப்படியும் ஓர் உள்ளுறை உண்டு: அரசு கையைக் கழுவிக்கொள்ளலாம். மரம் தானாக வளர்கிறது என்று சொல்கிறவன் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறான்.

மெய்யுவமத்தின் பெருந்தலைவர் என்று கௌதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பார்சிலோனாவில் ஜவுளி முதலாளி ஒருவருக்காக 1904–06இல் அவர் புதுப்பித்த காசா பாட்லோவை ஊர்க்காரர்கள் 'எலும்பு வீடு' என்றே அழைத்தார்கள். தூண்கள் துடை எலும்புகளைப் போல, கூரை ஏதோ ஊர்வனவற்றின் முதுகைப் போல. ஆனால் கௌதியிடம் வினையும் இருந்தது. கயிறுகளில் எடைகளைத் தொங்கவிட்டு, அவை தாமாக எடுக்கும் வளைவைத் தலைகீழாக்கிக் கட்டடத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்த மனிதர் அவர். அடுத்து 1906இல் தொடங்கிய காசா மிலாவின் கற்கள் அலைபோல் எழுந்துகொண்டிருந்தபோது, 1909 ஜூலையில் பார்சிலோனாவின் தொழிலாளர்கள் மொராக்கோ யுத்தத்துக்கு ஆள் பிடிப்பதை எதிர்த்துக் கலகத்தில் இறங்கினார்கள். தேவாலயங்களும் மடங்களும் எரிந்தன, ராணுவம் சுட்டது. அலைபோன்ற முகப்பும் அந்தத் தெருவும் ஒரே நகரத்தில், ஒரே வாரத்தில் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கௌதியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டதால் இங்கே நிறுத்துகிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் யூஜீன் சூயி 1993–95இல் தன் பெற்றோருக்காகக் கட்டிய வீடு இன்னும் வேடிக்கை. 1989இல் அந்த வட்டாரத்தில் நிலநடுக்கம். 1991இல் பக்கத்து ஓக்லாந்து மலைகளில் இருபத்தைந்து பேரைக் கொன்ற பெருந்தீ. எதற்கும் அசையாத வீடு வேண்டும் என்று தேடியவர், உலகிலேயே அழிக்கக் கடினமான உயிர் எதுவென்று பார்த்து நீர்க்கரடியைத் தேர்ந்தெடுத்தார். நுண்ணோக்கியில் மட்டுமே சரியாகத் தெரியும் எட்டுக்கால் உயிர் அது. அதன் உருண்டு திரண்ட உடலைப்போல் வீட்டை வடித்தார். ஆனால் நீர்க்கரடி பிழைப்பது உருண்டு திரண்டிருப்பதால் அல்லவே! உடலின் நீரை ஏறத்தாழ முழுவதுமாக வெளியேற்றிவிட்டு, சுருங்கி, உயிரை நிறுத்திவைத்துக்கொள்வதால். வீடு அதைச் செய்யுமா? சூயியின் வீடு உறுதியானதாகவே இருக்கலாம். முட்டை வளைவு அதற்குப் போதும். நீர்க்கரடிக்கு அதில் பங்கில்லை.

வினையையே பார்த்துக் கட்டினோம் என்று சொல்லப்பட்ட ஓர் உதாரணம் உண்டு. வீடல்ல, அலுவலகங்களும் கடைகளும் கொண்ட வளாகம். ஆனால் இந்த விவாதத்தில் அதைத் தவிர்க்க முடியாது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட். கறையான் புற்றைப் பார்த்துக் கட்டியது என்று பள்ளிப் பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. வழக்கமான குளிர்சாதனம் கிடையாது. இரவின் குளிர்ந்த காற்றை மின்விசிறிகள் உள்ளே இழுத்துக் கனத்த கான்கிரீட்டைக் குளிரவைக்கின்றன. பகலில் அந்தக் குளிர்ச்சி அறைகளுக்கு வருகிறது, சூடான காற்று புகைபோக்கிகள் வழியே மேலேறிப் போய்விடுகிறது. இதற்குப் பின்னால் இருந்தது மார்ட்டின் லூஷர் 1961இல் சொன்ன விளக்கம்: கூட்டின் சூடு காற்றை மேலே தள்ளுகிறது, அது சுற்றிக் குளிர்ந்து கீழே வருகிறது, இப்படிப் புற்று தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது என்று.

2008இல் ஸ்காட் டர்னர் (இவர் வேறு டர்னர், உயிரியலாளர்), ரூபர்ட் சோர் என்ற இருவரும் நமீபியாவின் புற்றுகளை ஆராய்ந்துவிட்டு, அப்படி இல்லையே என்றார்கள். கூட்டின் வெப்பநிலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சுற்றியிருக்கும் மண். மேலே எழும்பி நிற்கும் புற்றின் வேலை குளிரூட்டுவதல்ல, மூச்சு. பிறகு 2015இல் ஹன்டர் கிங், சாமுவேல் ஓக்கோ, மகாதேவன் ஆகியோர் பெங்களூரில் வேறு ஒரு கறையான் இனத்தின் புற்றுகளுக்குள் காற்றின் வேகத்தையே அளந்தார்கள். பகலில் புற்றின் வெளிப்புற மடிப்புகள் சீக்கிரம் சூடாகின்றன. அங்கே காற்று ஏறி, நடுவே இறங்குகிறது. இரவில் திசை அப்படியே தலைகீழ். பகலும் இரவும் மாறி மாறி வருவதையே உந்துவிசையாக்கி, புற்று கரியமில வாயுவை வெளியேற்றுகிறது.

ஆக, கறையான்கள் குடியிருப்பது பெரும்பாலும் தரைக்குக் கீழே. நாம் வீடு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அவற்றின் மூச்சுக்குழாயை. தவறான வினையைப் படித்துக் கட்டிய ஈஸ்ட்கேட் என்ன ஆனது? நன்றாகவே இயங்குகிறது. உவமேயம் நின்றுவிட்டது, உவமானம்தான் சரிந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கட்டடம் வெற்றி பெற்றதற்குக் காரணம் ஹராரேயின் பகல் இரவு வெப்ப வித்தியாசமும் நல்ல பொறியியலும். ஆனால் அதை விற்றது புற்று. 'இயற்கை இப்படித்தான் செய்கிறது' என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்கிறார். சாதியைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் இதே வாக்கியத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த இடத்தில் காது கொஞ்சம் கூர்மையாக வேண்டும்.

உவமையைச் சொல்வது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. வடக்குக் கேமரூனில் முஸ்கும் மக்கள் மண்ணாலேயே கட்டிய உயரமான குவிமாட வீடுகள் கட்டடக்கலை வரலாற்றில் புகழ் பெற்றவை. சாரம் கட்டுவதில்லை. வளையம் வளையமாக மண்ணை ஏற்றி, காயவிட்டு, அடுத்த வளையம். அடியில் கனம், மேலே போகப் போக மெல்லிசு. கௌதி கயிற்றைத் தொங்கவிட்டுக் கண்டுபிடித்த வளைவுக்கு மிக நெருங்கிய வளைவு, கயிறில்லாமலேயே. வெளிச்சுவரில் வரிவரியாகப் புடைப்புகள். பார்ப்பதற்குக் கோலம்போல் இருக்கும். ஏறிப் பூசுவதற்கு அவையே படி, மழைநீர் வழிவதற்கு அவையே வாய்க்கால். 1925–26இல் அந்த வழியாகப் பயணம் செய்த ஆந்த்ரே ழீத் அவற்றைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். நாம் பார்த்தால் தேன்கூடு என்போம், சிப்பி என்போம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ஓபூ' வீடுகள். ஓபூ என்றால் பீரங்கிக் குண்டு. காலனியத்தின் கண்ணுக்கு முதலில் அகப்பட்ட உவமானம் அது. முஸ்கும் மக்களின் சொல் 'தெலூக்'. இன்று அந்த வீடுகள் மிகக் குறைந்துவிட்டன. நவுகால்பானின் ஓட்டைப் புதுமை என்று கொண்டாடும் நூல்களில் இவை 'பாரம்பரியம்' என்ற அத்தியாயத்தில் கிடக்கின்றன. கட்டியவர்களின் பெயர் இல்லாமல்.

கடைசியாக வியன்னா. 1983–85இல் அந்த நகராட்சி கட்டிய பொதுக் குடியிருப்பு ஒன்றின் வடிவத்தை ஓவியர் ஹுண்டர்ட்வாசர் தீர்மானித்தார். 1920களிலிருந்தே தொழிலாளர்களுக்கு வீடு கட்டித் தந்த நகராட்சி அது. ஹுண்டர்ட்வாசர் 1958லேயே நேர்கோட்டுக்கு எதிராகப் 'பூஞ்சணம் பிடிக்கும் அறிக்கை' எழுதியவர். இந்த வேலைக்கு அவர் பணம் வாங்கவில்லை. கட்டடமாக்கியதில் கட்டடக்கலைஞர் ஜோசப் க்ராவினாவுக்குப் பங்கு உண்டு. அவரும் இணை ஆசிரியர்தான் என்பதை 2010இல் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட வீடுகள். தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். சன்னல்கள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. மொட்டை மாடியில் மட்டுமல்ல, சில சன்னல்களிலும் மரம் வளர்கிறது. அவற்றுக்கு ஹுண்டர்ட்வாசர் 'மரக் குடியிருப்பாளர்' என்று பெயர் வைத்தார். பிராணவாயுவாக வாடகை கொடுக்கிறார்களாம். வண்ணப் பூச்சைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பது குடியிருப்பவர்களுக்குத் தொல்லைதான்.

இந்தக் கட்டடம் எந்த விலங்கின் வடிவத்திலும் இல்லை. இதை நான் இந்த வரிசையில் சேர்ப்பது 'சன்னல் உரிமை' என்று ஹுண்டர்ட்வாசர் அழைத்த ஒரு ஏற்பாட்டுக்காக. குடியிருப்பவர் தன் சன்னலிலிருந்து வெளியே குனிந்து, கை எட்டுகிற தூரம் வரைக்கும் வெளிச்சுவரைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். நத்தை தன் ஓட்டைத் தன் உடலின் விளிம்பால்தான் கட்டுகிறது. உடல் எட்டும் இடம்வரைதான் ஓடு நீளும். அந்த வினை இங்கே ஒரு வாடகைதாரரின் உரிமையாகியிருக்கிறது. சொந்தக்காரருக்கு அல்ல, வாடகைதாரருக்கு. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமானாலும் நாம் இங்கே வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டுவிட்டு வருகிறோம்.